கேட்டில் பதியும் கணக்கு யாருடையது?

(புனேயில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கட்டடத் தொழிலில் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் ரயில்வே குமாஸ்தா. எனக்குச் செங்கல் அடுக்கத் தெரியாது. கணக்கு எழுதத் தெரியும். எழுதிய கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுதான் எடுபடும் என்பதும் தெரியும். அந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப் போகிறேன்.

2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஹிஞ்சவாடியிலும் வாகட்டிலும் ஹடப்சரிலும் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்கள் பாதியில் நின்றன. அதே நாளில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. கட்டடத் தொழிலாளர் நலநிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருக்கிறது, பதிவு பெற்ற தொழிலாளர் சுமார் மூன்றரைக் கோடிப் பேர், அவர்கள் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போடுங்கள் என்பது அதன் சாரம். இது அரசாங்கத்தின் தருமம் அல்ல. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்த செஸ் பணம். மகாராஷ்டிர அரசும் ஏப்ரலில் தலைக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. யாருக்கு? நலவாரியத்தில் பதிவு உள்ளவருக்கு. தகரக் கொட்டகையில் அடுப்பு அணைந்து உட்கார்ந்திருந்தவர்களில் பதிவு இல்லாதவருக்கு ஒரு பைசாவும் இல்லை.

அதே நேரத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. இந்த மாநிலத்தில் 2017 மே முதல் வீடு கட்டி விற்கும் திட்டங்கள் மகாரேராவில் ஆன்லைனில் பதிவாகின்றன. திட்டத்துக்கு ஒரு நம்பர், முடிக்க ஒரு தேதி. ஊரடங்கு வந்ததும் 2020 ஏப்ரலில் அந்தத் தேதி மூன்று மாதம் தள்ளிப்போனது; மே மாதம் அது ஆறு மாதமாயிற்று. தனித்தனியே மனுப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இதைத் தவறென்று நான் சொல்லவில்லை. வேலை நின்றபோது தேதி தள்ளிப்போவது நியாயந்தான். நான் கேட்பது வேறு: அந்தக் கட்டடத்தைக் கட்டியவனுக்கு ஏன் அப்படி ஒரு நம்பர் இல்லை?

1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஆள் கூட்டி வரும் காண்ட்ராக்டர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், அதில் வேலை நாளும் கூலியும் எழுத வேண்டும் என்றது. கம்ப்யூட்டர் வேண்டாம், நாலணா நோட்டுப் புத்தகம் போதும். அதைச் செய்திருந்தால் 2020 மே மாதம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாரம் எழுத வெயிலில் நின்றிருக்க வேண்டியதில்லை. எங்கள் ரயில்வே அந்த மே முதல் ஆகஸ்டுக்குள் 4,621 ஷ்ரமிக் ரயில்களை விட்டது. 63 லட்சம் பேர் போனார்கள். மாநில அரசு கொடுத்த பட்டியல்படிதான் ஆளை ஏற்றினோம். பட்டியலில் வராதவன் நடந்தான். வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு தன்னிடம் இல்லை என்று அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது.

பிறகு வேலை மறுபடி தொடங்கியபோது ஆள் பற்றாக்குறை. மேற்பார்வை பார்க்கிறவர்களும் சைட்டுக்கு வர முடியவில்லை. அப்போதுதான் மொபைல் ஆப்பும், டிரோன் படமும், கேட்டில் முகம் காட்டும் வருகை மெஷினும் வேகமாகப் பரவின. பெரிய வேலைகளில் இதற்கு முன்பே இருந்தது. நாக்பூரிலும் புனேயிலும் மெட்ரோ கட்டும் மகா மெட்ரோ 'ஐந்து பரிமாண' மாடல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறது. நீளம், அகலம், உயரம், அதோடு காலம், செலவு. எந்தத் தூண் எந்த வாரம் எழும்பும், அதற்கு என்ன செலவு என்று திரையிலே காட்டும். நல்ல காரியம். ஆனால் தூணுக்குக் கம்பி கட்டினவன் எத்தனை நாள் கட்டினான், கூலி வாங்கினானா என்பது இந்த ஐந்தில் எதிலும் வராது.

ரயில்வேயில் 1980களின் நடுவில் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் மூத்தவர்கள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயணிக்கு ஒரு லாபம் கிடைத்தது. பி.என்.ஆர். நம்பர் அவன் கையில் இருக்கிறது. பத்து இலக்கத்தை வைத்துக்கொண்டு எந்த ஊர் கவுன்ட்டரிலும் "என் இடம் எங்கே?" என்று கேட்கலாம். கட்டடத் தொழிலாளி தினமும் காலையில் மெஷினுக்கு முகம் காட்டுகிறான். மெஷின் அவனுக்கு ஒன்றும் திருப்பிக் கொடுப்பதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நலவாரியத்தில் சேர, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். 1996 சட்டத்தில் இருந்த இந்த நிபந்தனை, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. 90 நாளுக்குச் சான்று யார் தருவது? காண்ட்ராக்டர், அல்லது கிராம சேவக், நகராட்சி அதிகாரி. காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட மாட்டார். போட்டால் தன்னிடம் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பது வெளிப்பட்டுவிடும். மஜூர் அட்டாவில் நின்று தினம் ஒரு சைட்டுக்குப் போகிற சித்தாளுக்கு யார் எழுதித் தருவார்? அங்கேதான் ஏஜென்ட் நுழைகிறான். காசு கொடுத்தவன் கட்டடமே பார்க்காமல் தொழிலாளி ஆகிறான். கலவை சுமந்து ரேகை தேய்ந்தவள் வெளியே நிற்கிறாள். இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். அதே புதிய சட்டம் முதலாளி கட்ட வேண்டிய செஸ்ஸை முதலாளியே கணக்கிட்டுக் கட்டட்டும் என்கிறது. அவர் வாய்ச்சொல் போதும்!

இ-ஷ்ரம் இருக்கிறதே என்று தோழர்கள் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கி 30 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். நம்பரும் தருகிறது. ஆனால் அதில் பெயரும் தொழிலும் உண்டு, வேலை நாள் இல்லை. வேலை நாள் கேட் மெஷினில் இருக்கிறது. அந்த மெஷின் முதலாளியுடையது.

ஆகவே மெஷினை எடு என்று நாம் கேட்க வேண்டாம். கேட்டில் பதிந்த நாளே 90 நாள் சான்றாகட்டும் என்று கேட்போம். ஒவ்வொரு நாளும் அந்தப் பதிவு தொழிலாளியின் மொபைலுக்கும் வரட்டும், நலவாரியத்துக்கும் போகட்டும். காண்ட்ராக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் நாள் கூடிக்கொண்டே போகட்டும். முகமோ ரேகையோ மெஷினில் விழாத நாளில் மேஸ்திரி கையால் எழுதிய சீட்டும் செல்லட்டும். மெஷின் அடையாளம் காணவில்லை என்று அரை நாள் கூலி பிடிக்கிற வழக்கம் ஒழியட்டும்.

பீகாரிக்கும் வங்காளிக்கும் தமிழன் சங்கத்தில் ஏன் பேச்சு என்று போன மாதம் ஒருவர் கேட்டார். 2022 பிப்ரவரி 3 இரவு எரவாடா சாஸ்திரி நகரில் கம்பிச் சட்டம் சரிந்து ஐந்து பேர் செத்தார்கள். பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் அப்பன் பாட்டன் சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் இந்த ஊருக்கு வந்து சாரத்தில் ஏறியபோது அவர்கள் பெயரையும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. இன்றைக்குச் சென்னையில் கட்டடம் கட்டுகிறவனும் வடக்கிலிருந்து வந்தவன்தான்.

மனு எழுத வேண்டும். உங்கள் சைட்டில் மெஷின் இருந்தால் எந்தத் தேதியில் வைத்தார்கள், அதில் பதிவு செய்கிறவர் எத்தனை பேர், கூலிச் சீட்டு தருகிறார்களா என்று இந்த மாதத்துக்குள் குறித்துக் கொண்டு வாருங்கள். அட்டாவில் நிற்கிறவர்கள் ஒரு நோட்டில் தேதியும் இடமும் மேஸ்திரி பெயரும் இன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதட்டும். தமிழில் நான் எழுதிவிடுவேன். மராத்தியில் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஒருவரும், சைட்டுக்கு வந்து இந்தியில் பேசக்கூடிய இருவரும் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.