பக்கத்து ஊரில் நடந்தது



மெட்ரோ வேலைக்கு வந்துபோகிற லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. காது கேட்காதவர்கள் கையைத் தூக்குங்கள், கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன்.

2021 சட்டமன்றத் தேர்தல் சமயம். எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. யாராக இருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். எதிர்வீட்டு அம்மா குடிதண்ணீரைக் கேட்டார். இன்னொருவர் தெருவிளக்கைக் கேட்டார். நான் கேட்டேன்: "சாதி மாறிக் கல்யாணம் பண்ற பிள்ளைங்களைக் காப்பாத்தத் தனிச்சட்டம் வேணும்னு சட்டசபையில பேசுவீங்களா?" அவர் சிரித்தார். "அதெல்லாம் தலைமை பாத்துக்கும் சார். உங்க தெருவுல மழைத்தண்ணி நிக்குதா, அதைச் சொல்லுங்க." கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஏனென்றால், 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில் ஓர் இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். நம் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடுகிற ஊர். சில மாதங்களுக்கு முன்புதான் காதலித்துத் திருமணம் செய்திருந்தான். பட்டியல் சாதிப் பையன். பெண்ணின் அண்ணன் உட்படச் சிலர் கைதானார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணும் உயிரை மாய்த்துக்கொண்டாள். பெயர்களைச் சொல்லவில்லை, அந்தக் குடும்பம் இன்னும் இங்கேதான் நடமாடுகிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பிணம் விழுந்த இடத்துக்கும் நம்முடைய வாக்குச்சாவடிக்கும் எவ்வளவு தூரம்?

"இதெல்லாம் தர்மபுரிப் பக்கம், தென்மாவட்டப் பக்கம் நடப்பது" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். மென்பொருள் நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டால் சாதி ஊரிலேயே தங்கிவிடும் என்று நம்பினோம். வாடகை வீடு தேடிப் போகும்போது "நீங்க எந்த ஊரு, சொந்தக்காரங்க எங்கே?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்களே, அப்போதே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 2012-இல் மத்திய சட்ட ஆணையம் தன் 242-ஆவது அறிக்கையில், இப்படிக் கல்யாணங்களில் குறுக்கிடுவதைத் தடுக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்று எழுதியது. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கண்காணிப்புக் கேமரா பார்த்துக்கொண்டிருக்க நடந்த ஆணவக்கொலை. 2018 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாவட்டம்தோறும் தனிப்பிரிவு வேண்டும், மிரட்டலுக்கு ஆளான தம்பதியருக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும், கடமை தவறிய அதிகாரிமீது துறை நடவடிக்கை வேண்டும் என்றது. 2019-இல் ராஜஸ்தான் சட்டமன்றம் இதற்கென்று ஒரு மசோதாவையே நிறைவேற்றியது. பெரியார் பிறந்த மண் என்று மார்தட்டுகிற நாம்?

நம் சட்டமன்றத்தில் தனிச்சட்டத்தை இடதுசாரிகள் கேட்டார்கள், விடுதலைச் சிறுத்தைகள் கேட்டார்கள். 2024 ஜூனில் அரசுத் தரப்பிலிருந்து வந்த பதில், இருக்கிற சட்டங்களே போதும் என்பது. பள்ளிக்கரணை நடந்து நான்கே மாதம்! அடுத்த ஆண்டு, 2025 ஜூலை 27, பாளையங்கோட்டை. சென்னையில் ஐ.டி. வேலை பார்த்த பையன் வெட்டிக் கொல்லப்பட்டான். கைதான இளைஞனின் பெற்றோர் இருவருமே காவல்துறைப் பணியில் இருந்தவர்கள். ஊரெல்லாம் கொதித்தது. அந்த அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைத்து, பரிந்துரை பெற்றுச் சட்டம் கொண்டுவருவோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் 2016 முதல் 2021 வரை ஆண்ட அ.தி.மு.க.வையும் சரி, அதன்பின் வந்த தி.மு.க.வையும் சரி, இத்தனை ஆண்டு எது தடுத்தது? வட்டாரத்துக்கு வட்டாரம் எண்ணிக்கை அதிகமுள்ள சாதியின் ஓட்டு. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலும் எனக்கு நண்பர்கள் குறைவார்கள். குறையட்டும்.

"கொலைக்குத்தான் ஏற்கெனவே தண்டனை இருக்கிறதே, புதுச் சட்டம் எதற்கு?" நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். கொலைச் சட்டம் பிணம் விழுந்த பிறகு வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 வலுவானது. ஆனால் செத்தவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, கொன்றவர் அந்த இரண்டுக்கும் வெளியே இருந்தால்தான் அது பாயும். தான் பெற்ற பெண்ணையே கொன்று இரவோடு இரவாக எரித்துவிடுகிறானே ஒரு தகப்பன், அங்கே அந்தச் சட்டம் வராது. இரண்டு பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கு இடையில் என்றாலும் வராது. கொலைக்கு முந்தைய நாள், "பெண்ணைப் பிரித்துக் கொண்டு வந்துவிடு" என்று கூடிப் பேசிய கட்டப்பஞ்சாயத்து? காவல் நிலையத்துக்கு ஓடிவந்த ஜோடியிடம் "பெத்தவங்களோடு பேசித் தீர்த்துக்கம்மா" என்று சமாதானம் பேசி அனுப்புகிறார்களே, அது? இவற்றை நேராகத் தொட்டுக் குற்றம் என்று சொல்லத்தான் தனிச்சட்டம்.

ஒரு சின்னச் சோதனை. நம் பகுதி தாம்பரம் காவல் ஆணையரகத்தில் வருகிறது. உச்ச நீதிமன்றம் சொன்ன அந்தத் தனிப்பிரிவுக்கு இங்கே எந்த எண்ணில் பேசுவது என்று தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒருவர்கூட இல்லை. நானும் தூக்கவில்லை பாருங்கள்.

இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்கு இப்படிச் சட்டம் கேட்பது புதுப் பேச்சும் இல்லை. 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு செங்கல்பட்டில்தான் கூடியது. பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்தில் சம உரிமை என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல், கலைஞர் ஆட்சியில். அறுபது ஆண்டு! புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று ஐம்பதுகளில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, ஒரு மாலை மாற்றினாலே போதும், செல்லும் என்றாக்கினார். அதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் சேர்த்துச் செல்லும் என்றார். 2023-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தைப் பரந்த மனத்தோடு படித்தது. ஆக, இரண்டு நண்பர்கள் சாட்சியாக நிற்க, ஒரு மாலையில் முடிகிற திருமணத்தைச் சட்டம் ஏற்கிறது. முடித்துவிட்டு வீட்டுக்குப் பத்திரமாகப் போகிற வழியைத்தான் இன்னும் போடவில்லை.

இந்தத் தனிச்சட்டம் கட்சிகளின் தேர்தல் அறிக்கையில் இருந்தால் போதாதா என்று தம்பி ஒருவர் கேட்டார். தம்பி, 2019 டிசம்பர் 11 ஞாபகம் இருக்கிறதா? மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்த 125-இல் அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் அடக்கம். அந்தப் பன்னிரண்டு பேரும் எதிர்த்து வாக்களித்திருந்தால் 113-க்கு 117. கூட்டல் கழித்தல் உங்களுக்கே வரும். அதே அ.தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில், அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அச்சடித்தது. அதனால்தான் சொல்கிறேன், நோட்டீஸை மட்டும் படிக்காதீர்கள். அவையில் கை எந்தப் பக்கம் போனது என்று தேடிப் பாருங்கள். புதுமுக வேட்பாளர் என்றால், அவருடைய கட்சியின் கை எங்கே போனது என்று பாருங்கள்.

நம் சோழிங்கநல்லூர் தொகுதியில் 2021-இல் ஆறு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருந்தார்கள். மாநிலத்திலேயே பெரிய தொகுதி என்று பெருமை பேசுகிறோம். பெரும்பாக்கம் குடியிருப்பில் கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போடப்பட்டவர்கள், செம்மஞ்சேரி, ஓ.எம்.ஆர். மாடிவீடுகள், நம் மேடவாக்கம் என எல்லாரும் இதில்தான். இத்தனை பேரின் ஓட்டுக் கேட்டு வருகிறவர் மேம்பாலத்தைக் காட்டுவார். காட்டட்டும், நானும் அதில்தான் போய்வருகிறேன்.

ஆனால் அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது இந்தத் தாளை நீட்டுங்கள். மூன்றே வரிதான் எழுதியிருக்கிறேன். ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்துக்கு அவையில் வாக்களிப்பீர்களா? உங்கள் கட்சி வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? பள்ளிக்கரணை பற்றி இதுவரை எங்காவது பேசியிருக்கிறீர்களா? கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். "அந்த மாதிரிச் சம்பவங்கள்" என்று இழுத்தால், எந்த மாதிரி என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் போட மாட்டேன் என்று எழுதி வாங்குங்கள்.

நூறு நகல் எடுத்து வந்திருக்கிறேன், வாசலில் மேசைமேல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருப்பவர்கள் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.