வேர்களைத் தேடிய பாட்டு

விளைச்சல் வீடு வந்தபின் விதைத்தவனை மறப்பது உலக இயல்பு. அவ்வாறு மறவாதிருக்க முயன்ற பாடகர் நால்வரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் தோன்றிய 'யூ டூ' என்னும் ராக் இசைக்குழு, 1987-இல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பாடியது. அப்பயணத்தைப் பில் ஜோவானூ என்பார் படமாக்கினார். 'ராட்டில் அண்ட் ஹம்' என்னும் அப்படம் 1988-இல் வெளிவந்தது. அதில் அவர்கள் ஹார்லெம் தேவாலயத்தில் கறுப்பின மக்களின் பாடற்குழுவோடு சேர்ந்து பாடுகின்றனர். மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக்கூடத்தில் இசைக்கின்றனர். புளூஸ் இசை மேதை பி. பி. கிங்கின் அருகே மாணாக்கர்போல் நிற்கின்றனர். பருத்திக்காட்டில் உழைத்து வளர்ந்த அம்மேதையோ, பல சுரங்களை ஒருசேர மீட்டுவது தமக்குக் கைவராது என்று தயங்காமல் கூறுகிறார்!

அதே சன் கூடத்தில் 1954-இல் எல்விஸ் பிரஸ்லி தம் முதல் இசைத்தட்டுக்காகப் பாடிய பாட்டு, ஆர்தர் கிரடப் என்னும் கறுப்பினக் கலைஞர் இயற்றியது. எல்விஸுக்குப் புகழும் பொருளும் குவிந்தன. கிரடப்புக்கோ உரிய உரிமைத்தொகையும் சரிவரக் கிட்டவில்லை. ஆதலின், முன்னோரைத் தேடிச் செல்வது வெறும் மரியாதையன்று. கடன் தீர்த்தலே ஆகும்.

பெரியோர் வரிசையில் இக்குழுவினர் தம்மையும் அமர்த்திக்கொண்டனர் என்று திறனாய்வாளர் சிலர் கடிந்தனர். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், கற்பித்தவர் பெயரை மறைக்கும் மாணவனைவிட, சற்றுச் செருக்கோடேனும் அதைச் சொல்லும் மாணவனையே என் ஆசிரியப் பணியில் நான் மேலாக மதித்தேன்.

நீங்களும் ஒரு பாட்டைக் கேட்டு மகிழும்போது, "இதனை முதலில் பாடியவர் யார்?" என்று கேளுங்கள்.