கையெழுத்துப் போடுமுன் சட்டத்தைக் கேளுங்கள்

(அரியலூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சிமெண்ட் ஆலைத் தோழர்களும், பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் கூலி வேலைக்குப் போகும் தோழர்களும் நம்மிடம் கேட்கிறார்கள்: "பிராந்திய ராணுவத்தில் சேரலாமா? வேலையை விடவேண்டாம். வருஷத்தில் ஓரிரு மாதம் பயிற்சி. அவ்வளவுதானே?"

சேராதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. தேசத்தைக் காக்க உழைப்பாளி வீட்டுப் பிள்ளை என்றும் பின்வாங்கியதில்லை. 1962, 1965, 1971 யுத்தங்களில் பிராந்திய ராணுவமும் பணியாற்றியது. ஆனால் "அவ்வளவுதானா?" என்பதற்குச் சட்டத்தில்தான் பதில் இருக்கிறது.

1948-ம் வருஷத்துப் பிராந்திய ராணுவச் சட்டம், 7-வது பிரிவைப் பாருங்கள். இந்திய எல்லைக்கு அப்பால் சேவை செய்ய யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. நல்லது. ஆனால் மத்திய சர்க்கார் உத்தரவிட்டால் அனுப்பலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கதவைச் சாத்திவிட்டுச் சாவியைச் சர்க்கார் கையில் கொடுத்திருக்கிறது. பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை.

இது வெறும் ஏட்டுப் பேச்சா? இல்லை. 1987-ல் நம் படை இலங்கைக்குப் போயிற்று. பிராந்திய ராணுவப் பிரிவுகளும் அந்த நடவடிக்கையில் ஈடுபட்டன. 1990 மார்ச்சில் கடைசித் துருப்பு திரும்புவதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். இலங்கைத் தமிழ் ஜனங்களும் ஏராளமாக மாண்டார்கள்.

அமெரிக்காவில் மாதம் ஒரு சனி, ஞாயிறு பயிற்சி என்று நம்பிச் சேர்ந்த தொழிலாளிகளை 2003-க்குப் பிறகு இராக்குக்கு அனுப்பினார்கள். தவணை முடிந்தவர்களில் பலரையும் வீட்டுக்கு விடவில்லை. நம் துருப்பையும் அமெரிக்கா கேட்டது. தேசமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2003 ஜூலை 14-ல் வாஜ்பாய் சர்க்கார் அனுப்ப மறுத்தது. ஜனங்கள் விழித்திருப்பது வீண்போகாது.

2025 மே மாதம், 32 பிராந்திய காலாட்படைப் பட்டாளங்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க அனுமதி தரப்பட்டது. அந்த உத்தரவின் காலம் 2028 பிப்ரவரி வரை. இது வெளிநாட்டுக்கு அனுப்பும் உத்தரவல்ல. ஆனாலும் "ஓரிரு மாதம்" என்பது எப்படி நீளக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

போனவன் திரும்பி வந்தால் வேலை? பழைய முதலாளி திரும்ப வேலை தரவேண்டும் என்கிறது 7-ஏ பிரிவு. ஆலைப் பதிவேட்டில் பேர் உள்ளவருக்கு அது கவசம். காண்டிராக்ட் கூலிக்கு? களைவெட்டப் போகும் விவசாயக் கூலிக்கு? எந்த மிராசுதார் கணக்கில் அவர் பேர் இருக்கிறது?

ஆகவே நாம் கோருவது மூன்று. பார்லிமெண்டின் சம்மதமும், சம்பந்தப்பட்டவரின் எழுத்துமூலமான சம்மதமும் இல்லாமல் எவரையும் கடல் கடந்து அனுப்பக்கூடாது. பதிவேட்டில் பேர் இல்லாத கூலிக்கும், திரும்பி வந்ததும் பிழைப்புக்கு உத்தரவாதம் வேண்டும். ஆள் எடுக்குமுன் சட்டத்தைத் தமிழில் படித்துக் காட்டவேண்டும்.

தோழர்களே! ஊர் திரும்பியதும், சேரப்போகும் தம்பிமாரைக் கூட்டிவைத்து இந்த இரண்டு பிரிவுகளையும் எடுத்துச் சொல்லுங்கள். அதன்பிறகு முடிவு அவர்களுடையது.