அடிப்பாரமாகும் நீர்

வெறுங் குடமொன்றைக் குளத்தில் மிதக்கவிட்டால் அது நீரின் மேலே தத்தளித்துக் காற்றடித்த பக்கம் சாய்ந்து உருளும். அதே குடத்தில் அரைவாசிக்கு நீர் வார்த்து விட்டால் கழுத்தளவு தாழ்ந்து அமைதியாக நிற்கும். நீருக்குள் நீர் எங்ஙனம் பாரமாகும் என்று வினவுவோருக்கு இக் குடமே தக்க விடையாகும். உள்ளே காற்று இருந்த இடத்தை நீர் கவர்ந்துகொள்கிறது. அந்த அளவுக்குக் குடம் மிதக்கும் ஆற்றலை இழந்து ஆழ்கிறது.

இவ்வுண்மையைக் கப்பலோட்டிகள் நன்கறிவர். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல் நிலைகொள்ளாது. ஆகையால் அதன் அடியிலே கல்லும் மணலும் நிரப்பி அனுப்புவது பழைய வழக்கம். அவற்றை வாரி ஏற்றவும் வாரி இறக்கவும் ஆட்கூலியும் நேரமும் வீணாயின. இங்கிலாந்தின் ஜாரோ என்னும் ஊரிலே 1852ஆம் ஆண்டு கட்டப்பட்ட யோன் போவ்ஸ் என்ற நிலக்கரிக் கப்பல், நீரையே அடிப்பாரமாகக் கொண்ட முன்னோடிகளுள் ஒன்று. வேண்டும்போது இறைத்து ஏற்றி, வேண்டாதபோது இறைத்துக் கொட்டிவிடலாம் என்ற எளிமை, பின்னர் உலகக் கப்பல்கள் யாவற்றிலும் இடம்பெற்றது.

அம்முறை இன்று அமெரிக்க ஏரிகளில் ஓடும் உல்லாசப் படகுகளிலும் புகுந்திருப்பது விந்தையான செய்தி. மோட்டார்ப் படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது பின்னே விட்டுச்செல்லும் அலைச் சுவட்டை ஆங்கிலேயர் ‘வேக்’ என்பர். படகு இழுத்துச் செல்லும் கயிற்றைப் பற்றி, இரு கால்களையும் ஒரு பலகையிற் பிணித்து, அந்த அலையின்மேல் ஏறி ஆகாயத்தில் எழும்பிக் குதிப்பது வேக்போடிங் விளையாட்டு. 1985இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் டொனி ஃபின் என்பவர் அமைத்த பலகையிலிருந்து இது வளர்ந்தது. வீரர் எழும்பும் உயரம் அலையின் உயரத்தைச் சார்ந்தது. அலையின் உயரமோ படகு எவ்வளவு நீரை ஒதுக்கித் தள்ளுகிறது என்பதைச் சார்ந்தது. படகு கனத்தால் அலை ஓங்கும். இதற்காகவே வினைல் பூசிய தடித்த துணிப்பைகளைப் படகினுள் வைத்து நீர் நிரப்புகின்றனர்.

ஏறத்தாழ 21 அடி நீளமான பழைய படகொன்றை எடுத்துக்கொள்வோம். பின்புறத்து இரு பெட்டகங்களிலும் ஒவ்வொன்று, நடுத்தளத்தின் கீழ் ஒன்று என, 400 இறாத்தல் கொள்ளும் மூன்று பைகளை அதன் சொந்தக்காரர் பொருத்த எண்ணுகிறார். மொத்தம் 1200 இறாத்தல். இது எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். ஆனால், இந்த எட்டுப் பேரையும் கண்ணாற் காண இயலாது என்பதிலேதான் ஆபத்து இருக்கிறது. படகின் தாங்குதிறன் தகட்டில் எழுதிய எல்லைக்குள் மனிதர், பொதிகள், நீர் ஆகிய யாவும் அடங்கவேண்டும். பைகளை நிரப்பிய பின் அதே எண்ணிக்கையான நண்பர்களையும் ஏற்றுபவர், தகடு என்றொன்று இருப்பதையே மறந்தவராவர்.

வேலையிலே மிகவும் நெஞ்சுரம் வேண்டுவது முதற்படிதான்: நல்ல படகொன்றின் அடியிலே, நீர்மட்டத்துக்குக் கீழே, வேண்டுமென்றே துளையிடுதல். ஏரிநீர் உள்ளே வருவதற்கு வேறு வழியில்லை. இயந்திரத்தைக் குளிரவைக்கும் நீர் ஏற்கெனவே ஒரு துளையால் வருகிறதே, அதிலிருந்து கிளைக்குழாய் எடுத்தால் என்ன என்று சிலர் எண்ணுவர். அது பொல்லாத சிக்கனம். பைக்குப் போகும் நீர் இயந்திரத்துக்குக் குறைந்தால், அது கொதித்துக் கேடுறும். ஆதலின் தனித்துளையே நன்று. முதலில் மெல்லிய துளையொன்றை உள்ளிருந்து வெளியே இட்டு, வெளிப்புறத்தில் அது எங்கே தலைகாட்டுகிறது எனப் பார்த்து, இடம் சரியென உறுதியான பின்னரே பெரிய துளையை வெட்டவேண்டும். அதிலே வெண்கலப் பொருத்தியொன்றைக் கடல்நீருக்கு ஈடுகொடுக்கும் பசையிட்டு இறுக்கி, அதன்மேல் உடனே ஒரு மூடுவால்வைப் பூட்டுதல் வேண்டும். இந்த வால்வே படகின் உயிர்நாடி. மேலே எந்தக் குழாய் வெடித்தாலும், எந்தப் பிணைப்பு நழுவினாலும், கையெட்டும் தூரத்தில் இதைத் திருப்பிவிட்டால் படகு பிழைக்கும். அதைப் பைக்கு அடியிலே, கை நுழையாத மூலையிலே ஒளித்துவைக்கும் தச்சனை என்னென்பது!

வால்வுக்கு மேலே சல்லடை. அதற்கு மேலே பம்பிகள். பம்பிகளில் இருவகை உண்டு. ஒருவகை சுழல்தட்டால் நீரை வீசித் தள்ளும். விலை குறைவு, வேகம் மிகுதி. ஆனால் தானாக நீரை உறிஞ்சி மேலேற்ற மாட்டாது. நீர்மட்டத்துக்குக் கீழே இருத்தல் அவசியம். குழாயிற் காற்று அடைபட்டால் வெறுமனே இரைந்துகொண்டிருக்கும். மற்றவகையில் இறப்பர் இதழ்கள் சுழலும். திருப்பிச் சுழற்றினால் அதே பம்பி பையை வெறுமையாக்கும். நின்றிருக்கும்போது நீரையும் பெரும்பாலும் தடுத்து நிறுத்தும். ஆயின் நீரில்லாமல் ஓடினால் இதழ்கள் விரைவில் கெட்டுவிடும்.

மணிக்கு 800 அமெரிக்கக் கலன் தள்ளும் என அட்டையிற் பொறித்த பம்பி, 48 கலன் கொள்ளும் பையை மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நிரப்பவேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. வளைந்து நெளிந்து மேலேறும் குழாய் அக்கணக்கை மதிப்பதில்லை. நேரம் கூடவே செய்யும்.

நீரேற்றும் குழாய் பையின் மேற்புறத்திலும், நீரிறக்கும் குழாய் அடிப்புறத்திலும் சேரவேண்டும். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு காற்றுக்குழாய் பையின் உச்சியிலிருந்து புறப்பட்டு, படகின் பக்கச்சுவரிலே நீர்மட்டத்துக்கு உயரத்தில் வெளியேறவேண்டும். காற்று வெளியேற வழியில்லையேல் பை முழுதாக நிரம்பாது. நிரம்பிய பின்னும் பம்பியை நிறுத்த மறந்தால், மிகை நீர் இந்த வழியாகவே வெளியே பீறிடும். அதுவே ‘போதும்’ என்னும் அறிவிப்பு. அவ்வழியை அடைத்துவைத்தவரின் படகில், உப்பிய பை பெட்டகத்தின் மூடியையே பெயர்த்துவிடக் கூடும்.

பம்பி நின்ற பின்னும் நீர் ஓயாது என்பது பலர் பின்னர் கற்கும் பாடம். படகு விரையும்போது அடித்துளையில் மோதும் நீர், நிறுத்திய பம்பியினூடாகவும் பைக்குள் ஏறலாம். குழாய் அமைந்த விதத்தால் நிரம்பிய பை தானாகவே வடிந்தும் போகலாம். ஒருவழி வால்வும், குழாயை உயர வளைத்துக் காற்று புக வழிவிடுதலும் இதற்குப் பரிகாரமாகும்.

மின்கம்பி வேலையை இலேசாக எண்ணுதல் தகாது. பெற்றோல் இயந்திரம் உள்ள அறையிலே ஆவி தங்கும். சாதாரணப் பம்பியோ ஆளியோ எழுப்பும் சிறு பொறி போதும். அவ்வறையில் வைக்கும் கருவிகள் பொறி வெளிப்படாதவாறு அமைந்தவையாக இருத்தல் வேண்டும். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியும், பற்றரிக்கு மிக அண்மையில் ஒவ்வொரு பம்பிக்கும் ஓர் உருகியும் இன்றியமையாதவை. வேலை முடிந்ததும் படகை நீரில் இறக்கி, இழுவண்டியை அகற்றாமலே, ஒவ்வொரு பிணைப்பையும் விரலால் தடவிப் பார்ப்பது விவேகம்.

பாரமேறிய படகு வேறொரு படகாகவே நடந்துகொள்ளும். அரைகுறையாக நிரம்பிய பையில் நீர் அலைமோதி, சாயும் பக்கமே மேலும் ஓடிச் சாய்வை மிகுவிக்கும். அணியத்திலும் பாரம் மிகுந்திருக்க, வேகத்தைச் சட்டெனக் குறைத்தால், படகு தானே எழுப்பிய அலை முன்புறமாக உள்ளே கொட்டும். கரையிலிருந்து காண்போருக்கு வேடிக்கை; உள்ளே குழந்தைகளுடன் இருப்பவர்களுக்கு அவ்வாறன்று.

இனி ஏரியின் பக்கத்தையும் நோக்குவோம். 1988இல் ஹியூரன், ஈரி ஆகிய பேரேரிகளுக்கு இடையிலுள்ள சென். கிளெயார் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்னும் அந்நியச் சிப்பி காணப்பட்டது. கருங்கடல், கஸ்பியன் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச் சிப்பியைக் கொண்டுவந்தது கப்பல்கள் கொட்டிய அடிப்பார நீரே என்பது அறிஞர் முடிபு. அது நகரங்களின் குடிநீர்க் குழாய்களை அடைத்தது. இதன் இனமாகிய குவாகா சிப்பி 2007இல் மேற்கேயுள்ள மீட் ஏரியிலும் காணப்பட்டது. கப்பல்களுக்காக 2004இல் உருவான அனைத்துலக உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஓர் ஏரியில் காலையும் மற்றோர் ஏரியில் மாலையும் மிதக்கும் உல்லாசப் படகை அந்த உடன்படிக்கை எட்டுவதில்லை. பம்பி முற்றாக வடித்தது என நம்பும் பையிலும் சிறிது நீர் தங்கும். கண்ணுக்குப் புலனாகாச் சிப்பிக் குஞ்சுகள் அதிலே சில நாட்கள் உயிரோடிருக்கும்.

வெர்மொண்ட் மாநிலம் 2024இல் இதற்கு விதி வகுத்தது. இத்தகைய படகு ஆண்டுதோறும் ஓர் ஏரியையே தன் இல்லமாகக் கொள்ளவேண்டும். வேறோர் ஏரியில் இறங்குமுன் தூய்மையாக்கப்படவேண்டும். கரையிலிருந்து 500 அடிக்கு உட்பட்ட நீரில் பேரலை எழுப்புவதையும் அவ்விதி தடுத்தது. ஓங்கிய அலைகள் கரைமண்ணை அரித்தலும் அடிச்சேற்றைக் கலக்குதலும் அங்குள்ளோரின் நெடுநாள் முறைப்பாடு. உள்ளே நிலையாகக் கட்டிய தொட்டிகளைத் தூய்மையாக்க, ஏறத்தாழ 49 பாகை சென்றிகிரேட் வெந்நீரைப் பாய்ச்சுகின்றனர். பைகளைத் தாமே பொருத்தியவர்களுக்கு இதிலே ஒரு வசதி உண்டு. குழாய்களைக் கழற்றி, பையைப் படகிலிருந்து கரைக்குத் தூக்கி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, எஞ்சிய நீரைப் புறப்பட்ட ஏரியின் கரையிலேயே புல்லின்மேல் ஊற்றிவிடலாம்.