ஏற்றுமதிக் கணக்கில் ஏறாத ஏரி



உலக இறால் சந்தையில் இந்தியா முன்வரிசை நாடு. 2023-24 நிதியாண்டில் 17.8 லட்சம் டன் கடல் உணவை அனுப்பி 60,523 கோடி ரூபாய் ஈட்டினோம். அதில் உறைய வைத்த இறால் மட்டும் 40,013 கோடி. அந்த ஆண்டு வாங்கியோரில் அமெரிக்காவுக்கு முதலிடம். பெருமைப்படத்தக்க கணக்குதான். ஆனால் இறாலை வளர்த்துக் கொடுக்கும் நீருக்கு அதில் ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை. என் வருத்தம் அதைப் பற்றியது.

பழவேற்காடு ஏரியின் இந்தக் கரைக்கு அயல் வணிகம் புதிதல்ல. 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். இங்கே வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி அந்தத் தீவுகளிலிருந்த பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். டச்சுக் கல்லறைகளின் செதுக்கல்களை வியக்க வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று இங்கிருந்து போவது இறாலும், உயிரோடு சிங்கப்பூருக்குப் பறக்கும் சேற்று நண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, உவர்நீரில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவர வேண்டும். முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். கோடையில் மணல் மேவி வாய் மூடிக்கொண்டால் குஞ்சும் உள்ளே வராது, படகும் கடலுக்குப் போகாது. தூர்வாரக் கேட்டுக் கேட்டுக் குப்பத்து மக்கள் அலுத்துப்போன பிறகே, அலைத்தடுப்புச் சுவர் கட்டும் வேலை வந்தது.

இந்த ஏரியை அளவோடு ஆள்வதற்கு இங்குள்ளவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட பட்டினவர் மீனவக் குப்பங்களில், வலை கட்டும் இடங்களைக் குறித்து, எந்தத் தலைக்கட்டுக்கு எந்த முறை என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். மீன் படும் நல்ல இடம் இன்று ஒருவருக்கு, அடுத்து இன்னொருவருக்கு. கையில் பணம் உள்ளவர் அதை நிரந்தரமாக வளைத்துக்கொள்ள வழியில்லை. முறை வரும்வரை வலை கரையில் கிடக்கும். ஏரிக்கு ஓய்வு கிடைப்பதும் அப்படித்தான். ஏற்றுமதி விலை ஏறியதும் பாடு முறையில் இல்லாத ஊர்களும் வலையோடு இறங்கின, சண்டைகள் மூண்டன. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

பிறகு இறால் பண்ணைகள் வந்தன. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. 2005-இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம் பண்ணைகளைப் பதிவு செய்ய வழி திறந்தது. 2009-இல் பசிபிக் கரையைச் சேர்ந்த வன்னமெய் இறாலுக்கு அனுமதி கிடைத்தது. இன்று ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்துவது அந்தப் பண்ணை இறால். ஏரி இறால் ஓரத்துக்குப் போய்விட்டது. ஏரியின் மேல் அரசுக்கு இருந்த அக்கறையும் கூடவே ஓரத்துக்குப் போகும் என்று அஞ்சுகிறேன்.

இறக்குமதியும் இந்தக் கரையைத் தொடுகிறது. தெற்கே எண்ணூரில் 2001-இல் துறைமுகம் திறந்ததே அனல் மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். அன்று இங்கிருந்து துணி வாங்கிய இந்தோனேசியத் தீவுகள் இன்று இந்தியாவுக்கு நிலக்கரி விற்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்ப்பது, வடக்கே கரை அரித்து முகத்துவாரமும் நிலைகுலையும் என்ற அச்சத்தால். அவர்களுக்கு மணல் நகர்வது பட்டறிவு.

நான் கேட்பது இவ்வளவு. கடல் உணவு ஏற்றுமதி வருவாயில் ஒரு பங்கை ஆண்டுதோறும் முகத்துவாரத்துக்கும் ஆற்று நீர்வரத்துக்கும் ஒதுக்குங்கள். பாடு முறைக்குச் சட்ட மதிப்புக் கொடுங்கள். கொடுக்கும்போது அதைத் திருத்தியும் எழுதுங்கள்: பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இன்றுவரை சீட்டு இல்லை. ஏரியைப் பற்றி அடுத்து எந்த அலுவலகத்தில் கூட்டம் நடந்தாலும், அவர்களுக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும்.