புறொக்டரும் பிரக்கிராசியும்

கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வழக்குக் கட்டுகளோடு புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் சென்றுவந்த முன்னைத் தலைமுறையினர், ஆங்கிலத்தில் 'புறொக்டர்' எனப்பட்டவரைப் பிரக்கிராசியார் என்றே அழைத்தனர். மேல் மன்றுகளில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து; கட்சிக்காரரின் பத்திரங்களைப் பெற்று வழக்கை ஆயத்தஞ் செய்பவர் பிரக்கிராசி.

'புறோக்குராற்றோர்' என்னும் நீண்ட இலத்தீன் சொல் ஆங்கிலேயர் நாவிலே தேய்ந்து 'புறொக்டர்' ஆயிற்று. 'புறோ' என்றால் பொருட்டு; 'கூரா' என்றால் அக்கறை, கவலை. பிறர்பொருட்டுத் தாம் கவலைப்படுபவர் என்பதே சொல்லின் பொருள். நோய் தீர்த்தலைக் குறிக்கும் 'கியூர்', கவலையற்ற நிலையைக் குறித்த 'செக்கியூர்' ஆகியனவும் இவ்வேரின் கிளைகளே. கட்சிக்காரர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் 'புறொக்சி'யும் இதன் இனமே. ஆளும் பத்திரமும் உடன்பிறந்தோர் என்பதைக் கையொப்பமிட்டோருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்!

உரோமாபுரியில் நிலக்கிழார் தூரதேசம் சென்றால், அவருடைய நிலபுலங்களைப் பார்த்துக்கொள்பவர் இப்பெயர் பெற்றார். பிறர் காரியத்தை ஏற்று வஞ்சித்தவனை உரோமச் சட்டம் வெறுங் கடன்காரனாக எண்ணி விட்டுவிடவில்லை. வழக்கில் தோற்றால் இழப்பீட்டோடு மானக்கேடும் அவனைச் சேர்ந்தது. பிறருக்காக மன்றில் தோன்றும் உரிமையும் பெரும்பாலும் பறிபோயிற்று.

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம், 1974 சனவரி முதல், அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் வேற்றுமையை இலங்கையில் நீக்கிற்று. இருசாராரும் ஆங்கிலத்தில் 'அற்றோணி' ஆயினர்; தமிழில் சட்டத்தரணி. 'அற்றோணி' என்பது பழைய பிரெஞ்சு வழிவந்த சொல். காரியம் யாரிடம் திருப்பிவிடப்பட்டதோ அவர் என்று பொருள்படும். குறை சொல்வதற்கில்லை, எனினும் பழைய சொல்லில் இருந்த கவலை இதில் இல்லை.

வெள்ளவத்தையில் வீட்டை விட்டு இலண்டனிலும் றொறன்றோவிலும் வாழ்வோர், இன்று உறவினருக்கு எழுதிக் கொடுப்பதும் 'அற்றோணித் தத்துவம்' என்னும் பத்திரமே. அதைப் பெறுபவர் சட்டம் கற்றிருக்க வேண்டியதில்லை, தங்கையாகலாம், மைத்துனராகலாம். அந்நாளைய உரோம நிலக்கிழாரின் நிலைமைதான் இது. வாடகை பெறுதல், வழக்காடுதல், விற்றல் ஆகிய அதிகாரங்கள் அதிலே வரிவரியாக எழுதப்படுகின்றன. 'கூரா'வை எழுத வரி இல்லை. கையொப்பமிடுமுன் அவ்வரிகளை நேயர்கள் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நன்று. கொடுத்த அதிகாரத்தை மீட்டுக்கொள்ளவும் இடமுண்டு. ஆயின் மீட்பதற்கு முன் வீடு விலைப்பட்டுவிடின், விற்கும் அதிகாரத்தை எழுதிக் கொடுத்தவர் அவரே.