எழுத்தைப் பார்ப்பது



நாம் இழந்த தோழரின் நினைவில் சரவணம்பட்டியில் கூடியிருக்கிறோம். இலக்கியக் கூட்டத்தில் ஓவியத்தைப் பேசக் காரணம் உண்டு. அரூப ஓவியத்தின் முன் நின்றதும் நம்மில் பலர் "இதெல்லாம் நமக்குப் புரியாது" என்று நகர்ந்துவிடுகிறோம். அந்த 'நமக்கு' என்ற சொல்லில், பள்ளிக்கும் கோயிலுக்கும் வெளியே நம்மை நிறுத்திய பழைய தடை இன்னும் இருக்கிறது.

கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையை வரைந்தார். எழுத்தைப் போன்ற கோடுகள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், கணிதக் குறிகள், இடையிடையே சிறு உருவங்கள். எழுத்தாகத் தெரியும், வாசிக்க முடியாது.

இதை எப்படி அணுகுவது? முதலில் கண்ணில் படுவதை மட்டும் சொல்வோம். வரிகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே வெற்றிடம் விடுகின்றன? எந்த நிறம் பரப்பை ஆள்கிறது, எது மூலையில் நின்று கண்ணை இழுக்கிறது? பார்க்கப் பார்க்க மனம் அமைதி கொள்கிறதா, பதறுகிறதா? அதன்பிறகே நம் வரலாற்றை ஓவியத்திடம் கொண்டுசெல்வோம். நீலத்தைக் கண்டால் நமக்கு அம்பேத்கர் நினைவுக்கு வருவார். அது ஓவியர் வைத்ததல்ல, நாம் கொண்டுவந்தது. இரண்டையும் பிரித்துச் சொன்னால் இரண்டும் நேர்மையானவை.

பணிக்கரிடம் நாம் கொண்டுசெல்வது இது: ஏடுகளும் நிலப்பத்திரங்களும் நம்மைக் கேளாமல் எழுதப்பட்டு நம் வாழ்வைத் தீர்மானித்தன. இந்த ஓவியத்தின் எழுத்தையோ பண்டிதராலும் வாசிக்க முடியாது, கைநாட்டு வைத்த நம் பாட்டியாலும் முடியாது. அதன் முன் இருவரும் சமம். எழுத்து அங்கே அதிகாரத்தை இழந்து வெறும் கோடாக நிற்கிறது. பணிக்கர் சாதியை நினைத்து வரைந்தார் என்று நாம் சொல்லவில்லை. இந்த வாசிப்பு நம்முடையது.

இன்னொன்று. தலித் ஓவியர் என்றால் காயத்தையும் பறையையும்தான் வரைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் மேடைகளும் சில நேரம் அப்படியே கேட்கின்றன. பறையை வரைவது நம் உரிமை. எந்த உருவமும் இல்லாமல் மஞ்சளை மட்டும் வரைவதும் நம் உரிமைதான். துயரத்துக்கு மட்டுமே சாட்சி சொல்ல நம்மை அழைப்பவர்கள், நம் கற்பனைக்கு எல்லை போடுகிறார்கள்.

அரூப ஓவியத்தின் முன் எவரிடமும் அனுமதி கேட்காமல் நிற்போம். கண்டதைச் சொல்வோம், கொண்டுவந்ததையும் சொல்வோம்.

ஜெய் பீம்.